வாசல் கடந்த மருத்துவம்

நுழையும்முன்

அறிவு பிறப்பது ஒரு நிகழ்வு. அது தேவைப்படுவோரைச் சென்றடைவது வேறொரு நிகழ்வு. இரண்டிற்கும் இடையே தொலைவு, வறுமை, வழக்கம் எனப் பல தடைகள் நிற்கின்றன. வடஆர்க்காட்டு மண்ணில் பிறந்து, அத்தகைய தடை ஒன்றை நீக்குவதற்காகத் தம் வாழ்நாளை வழங்கியவர் மருத்துவர் ஐடா ஸ்கடர். அவருடைய வாழ்க்கையை, மனித உடலில் ஓசையின்றி உழைக்கும் சிறுநீரகங்களின் கதையோடு இணைத்துக் கூறுகிறது இப்பாடம்.

மலைப்படியும் மனித உடலும்

சோளிங்கர்ப் பெரியமலையின் உச்சியிலுள்ள யோக நரசிம்மர் கோயிலை அடைய 1305 படிகள் ஏற வேண்டும். கம்பிவட ஊர்தி வந்துவிட்ட இந்நாளிலும் படியேறிச் செல்வோர் உளர். கோடை வெயிலில் ஏறும் ஒருவரின் உடலிலிருந்து வியர்வை பெருகுகிறது. குருதியில் நீர் குறைந்து உப்பின் செறிவு கூடுகிறது. மூளை அதனை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. அதோடு ஒரு ஹார்மோனையும் குருதியில் கலக்கிறது. அந்தச் செய்தி சிறுநீரகங்களை எட்டியவுடன் அவை நீரைச் சேமிக்கத் தொடங்குகின்றன. சிறுநீரின் அளவு குறைகிறது. நிறம் அடர் மஞ்சளாகிறது. மலையிறங்கி வயிறார நீர் பருகிய பின்னர்ச் சேமிப்பு தளர்கிறது. சிறுநீர் மீண்டும் வெளிர்நிறம் பெறுகிறது. இவ்வளவும் நடப்பதை ஏறியவர் அறிவதில்லை.

முதுகெலும்பின் இருபுறமும், கீழ் விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் கைமுட்டியளவே, எடை ஏறத்தாழ 150 கிராம். ஆயினும் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டின் வழியே பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பகுதியில் கிளாமருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சு இருக்கிறது. குருதி அழுத்தத்தால் நீரும், உப்பும், சர்க்கரையும், யூரியா முதலிய கழிவுகளும் அதன் வழியே வடிகின்றன. குருதி அணுக்களும் பெரிய புரதங்களும் வடியாமல் குருதியிலேயே தங்கிவிடுகின்றன.

இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீர்மம் ஏறத்தாழ 180 லிட்டர். உடலைவிட்டு வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சியவை அனைத்தையும் நெஃப்ரானின் நீண்ட குழல்கள் குருதிக்கே திருப்பியளிக்கின்றன. கழிவை நீக்கும் உறுப்பு என்று நாம் அறிந்திருக்கும் சிறுநீரகம், உண்மையில் தன் உழைப்பின் பெரும்பகுதியை மீட்பதற்கே செலவிடுகிறது. நீரை மீட்கும் முறையைத் தோல் பதனிடும் தொழிலை அறிந்தவர் எளிதில் விளங்கிக்கொள்வர். பச்சைத்தோல் கெடாதிருக்க அதன்மேல் உப்பிடுவர். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே ஈர்த்துவிடும். சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் உப்பின் செறிவு மிகுதி. அதனூடே செல்லும் சேகரிப்பு நாளங்களிலிருந்து நீரை அச்செறிவே ஈர்த்து மீட்கிறது.

மீட்பு முடிந்து எஞ்சிய சிறுநீர், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு சிறுநீர் நாளங்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. பெண்களின் உடலில் சிறுநீர்ப்பை கருப்பைக்கு முன்புறமாக, அதனை ஒட்டியே அமைந்துள்ளது. மகப்பேற்றின் ஆபத்துகளுள் ஒன்றை அறிய இவ்வமைப்பு உதவும்.

இராணிப்பேட்டையில் ஒரு பிறப்பு

சோளிங்கர் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் இப்பகுதிகளெல்லாம் வடஆர்க்காடு மாவட்டமாக இருந்தன. இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையோடு தொடரும் இந்நிலம் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இங்கே இராணிப்பேட்டையில், 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஐடா சோபியா ஸ்கடர் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் மருத்துவர், தாய் சோபியா. தந்தைவழிப் பாட்டனாரும் மருத்துவரே. 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் பணியாற்றிய அவர், பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவருடைய மக்களும் இந்நாட்டிலேயே தொண்டாற்றினர்.

ஐடாவின் சிறுவயதில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பசியால் துவண்ட குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அந்நினைவு அவரை இந்நாட்டின்பால் ஈர்க்கவில்லை. அச்சமூட்டி விலக்கவே செய்தது. அமெரிக்காவில் பள்ளிக்கல்வி பயின்ற ஐடா, குடும்பத்தினர் நடந்த பாதையில் தாம் நடப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். வசதியான வாழ்வும் இனிய இல்லறமுமே அவருடைய கனவாக இருந்தன.

1890-இல் தாயின் உடல்நலம் குன்றியது. அவரைக் கவனித்துக்கொள்ளச் சிறிது காலம் தங்கும் எண்ணத்துடன் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஓரிரவு அவ்வீட்டின் கதவு தட்டப்பட்டது. அந்தணர் ஒருவர் நின்றிருந்தார். இளவயதினளான அவருடைய மனைவி மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாது என்று கூறித் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். வேற்று ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. தலைகவிழ்ந்து திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அதே காரணத்தால் திரும்பினார். மூன்றாவதாக முதலியார் ஒருவர் வந்தார். அவரும் மருத்துவர் ஆடவர் என்பதால் வெறுங்கையோடு சென்றார்.

விடிந்தபோது தெருவில் இறுதி ஊர்வலத்தின் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. மருந்தும் மருத்துவரும் கூப்பிடு தொலைவில் இருந்தனர். வந்த மூவரும் மனைவியர்மேல் அன்பில்லாதவரும் அல்லர். அன்பில்லாதவர் நள்ளிரவில் அயலார் கதவைத் தட்டியிருக்க மாட்டார். மருத்துவத்திற்கும் அப்பெண்களுக்கும் இடையே ஒரு வாசல் இருந்தது. அதனைக் கடக்கத் தகுதியான ஒரு பெண் மருத்துவர் அங்கு இல்லை. ஐடாவின் கனவுகளெல்லாம் அவ்விரவோடு மாறின. தாம் மருத்துவம் பயின்று திரும்பி வரப்போவதாக அவர் பெற்றோரிடம் அறிவித்தார்.

இருவருக்காக உழைக்கும் உறுப்பு

மகப்பேறு பெண்ணின் உடலுக்கு எத்தகைய சோதனை என்பதை அறிந்தால்தான் ஐடாவின் முடிவு எவ்வளவு பொருளுடையது என்பது விளங்கும். கருவுற்ற பெண்ணின் உடலில் குருதியின் அளவு பெருகுகிறது. சிறுநீரகங்களின் வடிகட்டும் வேலை வழக்கத்தைவிட ஏறத்தாழப் பாதியளவு கூடுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் குருதியில் சேரும் யூரியா முதலிய கழிவுகள் நஞ்சுக்கொடித் திசுவின் வழியே தாயின் குருதியை அடைகின்றன. அவற்றையும் தாயின் சிறுநீரகங்களே வெளியேற்றுகின்றன. ஓர் உயிருக்கென அமைந்த உறுப்பு, இரண்டு உயிர்களின் சுமையை ஏற்று உழைக்கிறது.

சிலருக்கு இக்காலத்தில் குருதி அழுத்தம் உயர்கிறது. கிளாமருலஸின் நுண்குழாய்கள் பழுதுற்று, வடியக்கூடாத புரதம் சிறுநீரில் கசிகிறது. முகமும் கைகளும் வீங்குகின்றன, தலைவலி மிகுகிறது, பார்வை மங்குகிறது. கவனிக்காது விட்டால் வலிப்பு வந்து தாயும் சேயும் இறக்க நேரிடும். இதனை முன்கூட்டியே அறியும் வழி 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. சிறுநீரில் புரதம் கசிவதற்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் எடுத்துக்காட்டினார். கருவுற்ற பெண்களுக்கு வரும் வலிப்போடு அதற்குள்ள தொடர்பு 1843-இல் கண்டறியப்பட்டது.

அச்சோதனைக்கு வேண்டியவை ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு விளக்கு, சில துளி அசெட்டிக் அமிலம் ஆகியவையே. குழாயில் சிறுநீரை எடுத்து மேற்பகுதியைச் சூடேற்ற வேண்டும். முட்டையின் வெண்கரு வேகும்போது வெளுப்பதைப் போலப் புரதமிருக்கும் சிறுநீர் கலங்கும். அமிலத்துளிகளை இட்ட பின்னரும் கலங்கல் தெளியாவிட்டால் அது புரதமே என்று உறுதிசெய்யலாம்.

இன்னொரு துன்பமும் உண்டு. இடுப்பெலும்பின் வழி குறுகியிருந்தால் குழந்தை வெளிவர முடியாமல் பேறு நாள்கணக்கில் நீளும். குழந்தையின் தலை, முன்புறமுள்ள சிறுநீர்ப்பையை எலும்போடு சேர்த்து அழுத்தும். குருதியோட்டம் நின்று அவ்விடத்துத் திசு அழியும்; சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் இடையே துளை உண்டாகும். உயிர் பிழைத்த பெண்ணுக்கு அதன்பின் சிறுநீர் இடையறாது கசிந்துகொண்டே இருக்கும். ஈரமும் நாற்றமும் காரணமாகக் கணவனும் உறவும் ஒதுக்கிய பெண்கள் பலர். தக்க நேரத்தில் மருத்துவ உதவி கிடைத்தால் இத்துளை உண்டாகாது. உண்டான பின்னும் அறுவையால் அடைக்கலாம். அந்த அறுவை முறையும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. நோயைச் சொல்ல நாணிய பெண்ணுக்கும் தீர்வை அறிந்த மருத்துவத்திற்கும் இடையேயும் அதே வாசல்தான் நின்றது.

ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய பணி

ஐடா அமெரிக்காவில் பெண்களுக்கான பென்சில்வேனியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இடமளிக்கத் தொடங்கியபோது அங்குச் சென்று, 1899-இல் பட்டம் பெற்றார். இந்தியா திரும்புமுன் மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா மீண்டும் தமிழ் மண்ணில் கால்வைத்தார். தந்தையின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே தந்தை காலமானார். வேலூர் வீட்டில், ஒற்றைக் கட்டிலுடன் தனியொருவராக மருத்துவப் பணியைத் தொடங்கினார். இளம்பெண் ஒருத்தியை மருத்துவராக நம்ப மக்கள் முதலில் தயங்கினர். அவருக்கு உதவியாக அமைந்தவர் வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமி. தயக்கம் மெல்ல விலகியது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளர்கள் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறக்கப்பட்டது.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனைக்கு வர இயலாதோர் கிராமங்களில் இருந்தனர். அவர்களை நாடி ஐடாவே புறப்பட்டார். குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் மக்கள் காத்திருப்பர். மருந்துப் பெட்டியுடன் வண்டி வந்து நிற்கும். புண் கழுவிக் கட்டுவதும், கண்ணோய்க்கு மருந்திடுவதும், கருவுற்ற பெண்களுக்கு அறிவுரை கூறுவதும் அங்கேயே நடந்தன. ஒரு மரத்தடியில் பணி முடிந்ததும் வண்டி அடுத்த மரத்தடியை நோக்கிச் செல்லும். நோயாளர் வாசல் தாண்டி வரக் காத்திராமல், மருத்துவமே வாசலைத் தேடிச் சென்றது.

தாம் ஒருவர் எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும் என்னும் கேள்வி அவரை வருத்தியது. பெண்களுக்குத் தொண்டாற்ற இந்நாட்டுப் பெண்களையே ஆயத்தப்படுத்துவதுதான் நிலையான வழி என்று கண்டார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்து, பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று அரசை அணுகினார். மிகச் சில பெண்களே சேர முன்வருவர் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். 1918-இல் பள்ளி தொடங்கியபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் அணி மாணவியர் 1922-இல் அரசுத் தேர்வை எழுதி அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஆடவரே பெருமளவில் தோல்வியுறும் தேர்வு அது. 1928-இல் காந்தியடிகள் இப்பள்ளிக்கு வருகை தந்தார்.

கொள்கையும் மாற்றமும்

1938-இல் புதிய சோதனை எழுந்தது. பட்டயப் படிப்பு போதாது. மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பு வழங்க வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்கு மேலும் ஆசிரியர்களும், ஆய்வகங்களும், படுக்கைகளும், பெரும்பொருளும் தேவைப்பட்டன. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்காவில் ஊர்ஊராகச் சென்று நிதி திரட்டினார்.

பொருளைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் அவர்முன் நின்றது. ஆடவரையும் சேர்த்துக்கொண்டால் மேலும் பல அமைப்புகளின் துணை கிடைக்கும்; கல்லூரி நிலைபெறும். பெண்களுக்கென்றே வளர்த்த கல்லூரியை அவ்வாறு மாற்றுவது முறையா என்று நெடுநாள் ஆதரித்த பெண்கள் பலர் வருந்தி எதிர்த்தனர். அவர்களுடைய கவலையில் நியாயம் இருந்தது. பெண் மருத்துவர் இல்லாமையால் மாண்ட மூவரின் நினைவில் எழுந்த நிறுவனம் அது. ஐடாவுக்கும் அம்முடிவு எளிதாக இருக்கவில்லை. எனினும், கல்லூரி மூடப்பட்டால் இழப்பு நோயாளர்க்கே என்று எண்ணி மாற்றத்திற்கு உடன்பட்டார். 1942-இல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு தொடங்கியது. 1947 முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். 1946-இல் பொறுப்பிலிருந்து விலகிய ஐடா, கொடைக்கானலில் வாழ்ந்து 1960 மே மாதம் இயற்கை எய்தினார்.

தெரிந்து தெளிவோம்

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டையொட்டி, 2000-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது.

விதையும் விளைவும்

ஐடா மறைந்த பதினோராம் ஆண்டில், 1971-இல், அவர் நிறுவிய மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. உலகில் இவ்வறுவை முதன்முதலாக வெற்றி பெற்றது 1954-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒத்த இரட்டையர்களிடையே. ஒருவர் உடலிலுள்ள உறுப்பை மற்றொருவர் உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்க்கும். ஒத்த இரட்டையரின் உடல்கள் ஒன்றையொன்று அவ்வாறு எதிர்ப்பதில்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்த பின்னரே பிறரும் சிறுநீரகக் கொடை பெற முடிந்தது. கொடையாகப் பெற்ற சிறுநீரகத்தைப் பெரும்பாலும் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்துவர். பழுதுற்ற சிறுநீரகங்களை வழக்கமாக அகற்றுவதில்லை. குருதிக் குழாய்களை இணைத்து, சிறுநீர் நாளத்தைச் சிறுநீர்ப்பையோடு பொருத்துவர். குருதி பாய்ந்தவுடன் வெளிறிய உறுப்பு செம்மை பெறும். பல வேளைகளில் அறுவை மேசையிலேயே சிறுநீர் சுரக்கத் தொடங்கும்.

மாற்று அறுவை அரிய சாதனை. ஆயினும் அந்நிலைக்கு வாராமல் காப்பது அதனினும் பெரிது. சிறுநீரகங்கள் தம் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும்வரை வலியையோ வேறு அடையாளத்தையோ காட்டுவதில்லை. நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் அவற்றை ஓசையின்றி அரிக்கின்றன. வெப்பத்தில் போதிய நீர் பருகாது உழைப்போர்க்குச் சிறுநீரகக் கல் தோன்றலாம். மாசுற்ற நீரின் வழியே உடலில் சேரும் குரோமியத்தின் நச்சு வடிவம் நெஃப்ரானின் குழல்களைத் தாக்கும். ஆதலால் தோல் தொழில் நடக்கும் இப்பகுதியில் நிலத்தடி நீரைக் காப்பது சிறுநீரகத்தைக் காப்பதாகவும் அமையும். பழுது தொடங்கிவிட்டதைக் காட்டும் முதல் அறிகுறிகளுள் ஒன்று, பிரைட் காலத்தில் அறியப்பட்ட அதே புரதக் கசிவுதான்.

இன்று தமிழ்நாட்டின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், கருவுற்ற பெண்களுக்குக் குருதி அழுத்தம் அளவிடப்படுகிறது. சிறுநீரில் புரதம் உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது. கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு தேடியும் செல்கிறார். சில மணித்துளிகளில் முடியும் எளிய சோதனை அது. சோளிங்கர் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் செவிலியர் ஒரு வீட்டின்முன் நின்று பெயர் சொல்லி அழைக்க, அப்பெண் தயக்கமின்றிக் கதவைத் திறக்கிறாள். 1890-இல் திண்டிவனத்தில் மூன்று பெண்களுக்குக் கிட்டாமற்போனது அந்த எளிய நிகழ்வே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் செவிலியரைச் சந்தித்து, கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் சோதனைகளையும் அவற்றின் நோக்கத்தையும் கேட்டறிந்து தொகுக்க.

2. பெண்களுக்கான கல்லூரியில் ஆடவரையும் சேர்த்துக்கொண்ட ஐடாவின் முடிவு சரியானதா? இரு தரப்புக் கருத்துகளையும் முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. இன்றும் மருத்துவ உதவி சிலரைச் சென்றடையாமல் தடுக்கும் 'வாசல்கள்' எவை? உங்கள் பகுதியில் கண்டவற்றைக் கொண்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.